பள்ளி அருகே எழுந்துள்ள செல்போன் கோபுரம் குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்குத் தெற்கே உள்ள கட்டடத்தின் மொட்டைமாடியில் சென்ற மாதம் செல்போன் கோபுரம் எழுந்ததிலிருந்து, அதன் கதிர்வீச்சால் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருமோ என்று பலர் என்னிடம் கேட்டீர்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் கண்கலங்கிக் கேட்டது இன்னும் என் மனத்தில் நிற்கிறது. நெடுநாள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் அறிந்ததை எழுதுகிறேன்.

செல்போன் அலையும் எக்ஸ்-கதிரும் மின்காந்த ஆற்றலே என்றாலும், அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து மரபணுவைச் சிதைக்கும் வலிமை எக்ஸ்-கதிருக்கு உண்டு, செல்போன் அலைக்கு இல்லை. அது உடலில் ஏற்படுத்துவதாக உறுதிப்பட்டுள்ள விளைவு, அளவு மிகும்போது திசுக்கள் சூடாவதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இவ்வலைகளைப் ‘புற்றுநோயை உண்டாக்கக் கூடும்’ என்னும் 2பி பிரிவில் வைத்தது உண்மை. ஆனால் அது, சான்று ஓரளவே கிடைத்து, உறுதியாகச் சொல்ல முடியாதபோது வைக்கப்படும் பிரிவு. அந்நிறுவனத்தின் கோரிக்கையால் நடந்து 2024-இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பில், செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. நம் நாடு 2012 செப்டம்பர் முதல் கோபுர அலைக்கான வரம்பைப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அவ்வரம்பு சதுர மீட்டருக்கு 0.45 வாட்.

ஆயினும், அளந்து பார்க்காமல் உங்களை அமைதியாக இருக்கச் சொல்வது முறையல்ல. தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் கட்டணம் செலுத்தி அளவீடு கோரியுள்ளோம். வரும் எண்களை அப்படியே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

என் கவலை கைபேசியைப் பற்றியதே. அலையின் செறிவு தொலைவு கூடக்கூட விரைந்து குறைவதால், தள்ளி நிற்கும் கோபுரத்தைவிடக் காதோடு ஒட்டிய கைபேசியிலிருந்தே தலைக்கு அதிக ஆற்றல் சேர்கிறது. சிக்னல் குறைந்த இடத்தில் அது இன்னும் கூடும். நெடுநேரம் பேச நேர்ந்தால் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசப் பழக்குங்கள். *#07# என்று அழுத்தினால், பெரும்பாலான கைபேசிகளில் உடல் ஈர்க்கும் ஆற்றலின் அளவு தெரியும். நம் நாட்டில் அது கிலோகிராமுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது.

முதல் பாடவேளையிலேயே கண் சொருகும் பிள்ளைகளை அன்றாடம் பார்க்கிறேன். அதற்குக் காரணம் கோபுரம் அன்று, நள்ளிரவு வரை அணையாத திரை. இரவு ஒன்பது மணிக்குமேல், பெரியவர்களுடையது உட்பட, வீட்டிலுள்ள கைபேசிகள் அனைத்தும் பிள்ளைகள் உறங்கும் அறைக்கு வெளியே இருக்கட்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்