டயர் மேல் பழி

ஈசூன்
புதன் இரவு

அன்புள்ள வாசுகி,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. பெரியவன் தேசிய சேவையை முடித்துவிட்டு நாள் முழுக்கத் தூங்குகிறான். கோப்பி விலை இன்னொரு முறை ஏறிவிட்டது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

கமலா உனக்கும் அந்தப் படத்தை அனுப்பியிருப்பாள். நெடுஞ்சாலை ஓரத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நான், பக்கத்தில் கிழிந்த டயர், கீழே "நம்ம வீராங்கனை" என்று எழுதி நான்கு தீப்பொறி. அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ "சபாஷ்டி" என்று அனுப்பினாய். அந்த சபாஷைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தக் கடிதம். குழுவில் எழுத முடியாது, தொலைபேசியில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன்.

ஆனால் மலாக்காப் பயணம் நன்றாக இருந்தது, அதை முதலில் கேள். நானும் கமலாவும் மீனாவும், என் காரில், சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு. உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி பக்கத்தில் இருந்தாலும் துவாஸ் சாவடி வழியாகத்தான் போனோம், விடுமுறை வாரத்தில் கடற்பாலத்தில் நின்று கால் மரத்துப்போவதற்குச் சுற்று வழி மேல். இப்போதெல்லாம் சாவடியில் கடப்பிதழ்களைக் கட்டாக அடுக்கி ஜன்னல் வழியாக நீட்ட வேண்டியதில்லை. நம் பக்கத்தில் காரில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே கியூஆர் குறியீடு போதும். அந்தக் குறியீடு யாருடைய தொலைபேசியில் இருந்தது? கமலாவுடையதில். மின்கலத்தில் எவ்வளவு மிச்சம்? 3 விழுக்காடு.

சிங்கப்பூர் கார் எல்லை தாண்டும்போது முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டுமே, அந்த விஷயத்தில் மட்டும் நான் உங்கள் அப்பாவின் மாணவி. 1989-இல் பாதி டாங்க் போதும் என்றிருந்ததை 1991-இல் முக்கால் ஆக்கினார்களே, அது தெரியாமல் உங்கள் பழைய டாட்சனில் போய், சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அன்று முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்தாரே. இன்றும் அதே சட்டம்தான், முள் கீழே இருந்தால் 500 வெள்ளி வரை அபராதம். நான் முந்தின நாள் ராத்திரியே நிரப்பிவிட்டேன். மலேசியா நுழைவு அனுமதிக்கான ஒட்டுவில்லையும் கண்ணாடியில் இருந்தது. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அது இல்லாத சிங்கப்பூர் காருக்கு 300 ரிங்கிட் தண்டம். சாலைக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டையில் பணம், கமலாவின் கடப்பிதழில் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடி, எல்லாம் சரி பார்த்தேன். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை, வாசுகி. அபராதம் போடக்கூடிய எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

பாகோவில் இறங்கி மூவார் போனோம். ஆற்றங்கரையில் இலையில் மடித்துச் சுட்ட மீன் விழுது, ஒத்தாக்-ஒத்தாக். மீனா சைவமாகி இரண்டு வருடம் ஆயிற்று, வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு தட்டு வாழைப்பழ பஜ்ஜி, அந்த பிசாங் கோரெங், தின்றாள். மதியத்துக்குள் மலாக்கா. பொற்கொல்லர் தெருவில் பொய்யாத மூர்த்தி விநாயகர் கோவிலுக்குள் நுழைந்ததும் மூவருமே பேச்சை நிறுத்திவிட்டோம். 1781-இல், தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகள் கட்டியது. நான்கு எட்டு வைத்தால் பள்ளிவாசல், இன்னும் நான்கு எட்டு வைத்தால் சீனக் கோவில். அங்கே கபாயா உடுத்திய ஒரு பாட்டி, நெற்றி நிறைய விபூதி. நான் தமிழில் பேசினேன், அவர் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னார். பேர் கேட்டேன், கடைசியில் பிள்ளை என்று முடிந்தது. மொழி போய்விட்டது, சாமி போகவில்லை. என் சின்னவன் தமிழ்த் தேர்வுக்கு முதல் நாள் அடிக்கிற கூத்தை நினைத்துக்கொண்டேன். அதை இன்னொரு கடிதத்தில் புலம்புகிறேன்.

ராத்திரி ஜோங்கர் தெரு, செண்டோல், ஹலோ கிட்டி பொம்மை கட்டின டிரைஷா. கமலா ஆட, டிரைஷாக்காரர் ஆட, நான் படம் எடுக்க, விடுதிக்குப் போகும்போது மணி ஒன்று. அதற்குப் பிறகும் தூங்கவில்லை. மூன்று மணி வரை டீச்சரம்மா கதை. முந்தின நாள் ராத்திரியும் புளிச்சோறு கிளறுகிறேன் பேர்வழி என்று இரண்டரை மணி நேரம்தான் கண்ணை மூடியிருந்தேன். இந்தக் கணக்கை இப்போதுதான் கூட்டிப் பார்க்கிறேன்.

ஞாயிறு காலையில் எனக்கு மூக்கு ஒழுகியது. மீனாவின் கைப்பையில் ஒரு மாத்திரை இருந்தது. சின்ன மஞ்சள் மாத்திரை, உனக்குத் தெரியும், நம் அம்மாக்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கும். ஒன்று போட்டுக்கொண்டேன். மூக்கு நின்றது. மதியம் வாழையிலைச் சாப்பாடு, ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். ஒன்றரை மணிக்கு ஆயர் குரோவில் நெடுஞ்சாலை ஏறினோம்.

இனி நான் சொல்வது வேறு யாருக்கும் தெரியாது.

டயர் தானாக வெடிக்கவில்லை. நான் தூங்கிவிட்டேன்.

ஒரேயடியாக இல்லை. முதலில் கொட்டாவி. குளிரைக் கூட்டினேன். ஜன்னலை இறக்கினேன். பாட்டைச் சத்தமாக வைத்தேன், கமலா தூக்கத்திலேயே கைநீட்டிக் குறைத்தாள். பின்னால் மீனா வாயைத் திறந்தபடி. தங்காக் பலகையைத் தாண்டியது எனக்கு நினைவே இல்லை. அதுதான் அறிகுறி என்று இப்போது தெரிகிறது: கண் திறந்திருக்கிறது, சாலை உள்ளே போகவில்லை. பாகோ ஓய்வுப் பகுதி இன்னும் கொஞ்ச தூரம்தான், அங்கே போய் ஒரு கோப்பி ஓ குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் டர்ர்ர் என்று ஒரு சத்தம். ஓரக் கோட்டில் மேடுமேடாகப் பூசி வைத்திருக்கிறார்களே, அதன் மேல் சக்கரம் ஏறிய சத்தம். கண்ணைத் திறந்தால் நான் இடப்பக்கம் அவசரத் தடத்தில் போய்க்கொண்டிருக்கிறேன். ஏதோ ஓர் இரும்புத் துண்டு, தட் என்று ஓர் அடி. முன் இடது டயரின் பக்கவாட்டு கிழிந்துவிட்டது. அந்தச் சத்தத்தில்தான் இரண்டு பேரும் விழித்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை, அது நிஜம். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து வேகத்தைத் தானாகக் குறையவிட்டேன், அதுவும் நிஜம். அதற்குத்தான் வீராங்கனைப் பட்டம்.

110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 30 மீட்டர். நான் எத்தனை வினாடி போயிருந்தேன்? நான்கு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கால்பந்துத் திடலை நீளவாக்கில் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறேன். அதைவிட இன்னொன்று. கார் நின்று நாங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அதே அவசரத் தடத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. மழைச்சட்டை போட்ட ஒருவர், பின்னால் ஒரு பெண், நடுவில் ஒரு குழந்தையின் தலைக்கவசம். அங்கே மோட்டார் சைக்கிள்கள் ஓரத்தில்தான் போகும், உனக்குத் தெரியும். ஒரு நிமிடம் முன்பு வந்திருந்தால்? தினமும் ராத்திரி அந்தச் சின்னத் தலைக்கவசம் வருகிறது. வெள்ளை நிறம்.

அப்புறம் நடந்ததில் சிரிக்கவும் விஷயம் இருக்கிறது. அவசர விளக்கைப் போட்டுவிட்டு, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். மீனாதான் இழுத்துக்கொண்டு போனாள், காருக்குள்ளே உட்கார்ந்திருக்கக் கூடாது என்று கத்தினாள். முக்கோணப் பலகையைத் தேடிப் பின்பக்கத்தைத் திறந்தால் புளிச்சோற்றுத் தூக்கு, கமலாவின் மூன்று ஜோடிச் செருப்பு, ஐந்து டப்பா கூலா மலாக்கா வெல்லம். ஸ்பேர் டயர் இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு சின்னக் காற்றுப் பம்பும் ஒரு புட்டி பசையும். ஆறு வருடமாக ஓட்டுகிறேன், என் காரில் ஸ்பேர் டயரே கிடையாது என்று பாகோ பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். அந்தப் பசை ஆணி குத்தின ஓட்டைக்குத்தான் ஆகும், பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஒன்றுக்கும் உதவாது. அவசரத்துக்கு என்று நீ தூக்கிக்கொண்டு வரும் பச்சைப் பையை எத்தனை வருடம் கேலி செய்திருப்பேன்! அன்று அது இருந்திருந்தால் அதற்கு மாலை போட்டிருப்பேன்.

காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணில் 25 நிமிடம் இசை கேட்டேன். அதற்குள் யாரும் கூப்பிடாமலே ஓர் இழுவை லாரி வந்து நின்றது, 800 ரிங்கிட் என்றான். மீனா உயர்நிலை மூன்றில் படித்த மலாயை எல்லாம் திரட்டி அவனை அனுப்பிவைத்தாள். பிளஸ் நெடுஞ்சாலை உதவி எண்ணையும் அவள்தான் எழுதி வைத்திருந்தாள். அவர்கள் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனையாவது கிலோமீட்டர், எந்தத் திசை. ஓரத்துக் கிலோமீட்டர் பலகையைப் பார்த்து வர கமலா ஓடினாள், கம்பிக்கு அந்தப் பக்கமாகவே. ரோந்து வண்டி வந்தது, கூம்புகளை வைத்தார்கள், எங்களைப் பாகோவில் ஒரு டயர் கடையில் சேர்த்தார்கள். அங்கிருந்த சீன அங்கிள் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ங்காந்தோக்?" என்றார். தூக்கமா என்று. நான் மலாய் புரியாதவள் மாதிரி சிரித்தேன்.

இங்கே வந்த பிறகுதான் பொய் கொழுக்க ஆரம்பித்தது. கமலா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். கோவிலில் ஒருவர் தன் மகளுக்கு எனக்குத் தெரிந்த நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் இன்னும் மோசம். நான்கு மாதத்துக்கு முன்னால்தான் நான்கு டயரையும் மாற்றினாராம், பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டாராம். ராத்திரி பத்து மணிக்குக் கைவிளக்கோடு வாகன நிறுத்தத்தில் குந்தி உட்கார்ந்து மீதி மூன்று டயரிலும் இருக்கிற நான்கு இலக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். 1425 என்றால் 2025-இல் 14ஆவது வாரம் செய்தது, ஆக பழைய சரக்கு இல்லை. அதனால் தயாரிப்புக் கோளாறுதான் என்று முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமை போய் ஒரு பிடி பிடிக்கப் போகிறாராம். அந்தப் பட்டறை அங்கிளை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிடுவார். அவர் செய்த ஒரே குற்றம் நல்ல டயர் போட்டது.

சொல்லியாக வேண்டும். தெரிகிறது. சொன்னால் இனி எனக்குச் சாவியே கிடைக்காது என்று பயமாக இருக்கிறது. 44 வயதில் மூன்றாவது முறை தேர்வு எழுதி வாங்கின உரிமம். நீதானே என்னைத் தூண்டிவிட்டாய்.

சாப்பிடக் கூப்பிடுகிறார். நிறுத்துகிறேன்.

*

ஞாயிறு

கடிதத்தை அனுப்பவில்லை. வெள்ளி ராத்திரி சொல்லிவிட்டேன். கை துடைத்துக்கொண்டே, சமையலறையில் நின்றபடி, மூன்று வாக்கியத்தில். மோட்டார் சைக்கிளைப் பற்றியும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு "என்ன மாத்திரை?" என்று கேட்டார். வீட்டில் இருந்த அதே மாத்திரையை எடுத்து வந்து அட்டையில் இருந்த சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். தூக்கம் வரும், வாகனம் ஓட்டாதீர்கள் என்று பளிச்சென்று போட்டிருந்தது.

சனிக்கிழமை பட்டறைக்குப் போனார். சண்டைக்கு இல்லை, அந்தப் பள்ளத்தில் அடங்குகிற ஸ்பேர் டயர் கிடைக்குமா என்று கேட்க. கிடைத்தது, ஒல்லியானது, 80-க்கு மேல் ஓட்டக் கூடாதாம். சாவி ஆணியிலேயேதான் தொங்குகிறது. கமலாவிடமும் மீனாவிடமும் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. மீனா அந்த மாத்திரைக்காகத் தன்னையே நொந்துகொள்வாள், அதுதான் யோசனை.

சரி, டிசம்பர்ப் பயணம். நீ மெர்சிங், அங்கிருந்து தியோமான் என்கிறாய். பெர்த்தில் போய் உட்கார்ந்ததில் பருவமழையே மறந்துவிட்டதா? அந்த மாதம் கிழக்குக் கரை முழுக்கத் தண்ணீர், படகும் ஓடாது. மேற்கே போவோம். பத்துமலை, 272 படி, அம்மா கீழே நின்று கும்பிடட்டும். அப்புறம் ஈப்போ. கேமரன் மலை ஏறுவதானால் தாப்பா வளைவுகள் வேண்டாம், சிம்பாங் புலாய் வழிதான் எனக்குச் சரிப்படும். கோலாலம்பூரில் ஓர் இரவு கட்டாயம் தங்குகிறோம், ஒரே மூச்சில் ஈப்போ என்கிற உன் வீரத்தைப் பெர்த்திலேயே வைத்துவிட்டு வா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும். எனக்குக் கண் சொருகினால் கோப்பி குடித்துவிட்டு இருபது நிமிடம் தூங்குவேன், கோப்பி வேலை செய்ய அவ்வளவு நேரம் ஆகும். முன்னிருக்கையில் உட்காருகிறவள் தூங்கக் கூடாது. ஆகவே கமலா பின்னால்.

பாதி தூரம் நீ ஓட்டுகிறாய். அதற்குக் காப்புறுதியில் உன் பெயரைச் சேர்க்க வேண்டும், உரிம எண் கேட்கிறார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து அனுப்பு. காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு அனுப்பு. பச்சைப் பையையும் கொண்டு வா.

உன்
செல்வி