பாதத்தில் சூடு தெரிகிறதா என்றும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்க்கரை நோய் முகாம்களில் பாதத்தை நைலான் இழையால் தொட்டுப் பார்த்து, பெருவிரலில் டியூனிங் ஃபோர்க் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பதோடு பெரும்பாலும் முடித்துவிடுகிறார்கள். இந்த இரண்டு சோதனையும் தடித்த நரம்பிழைகளின் நிலையைத்தான் சொல்லும். சூட்டை உணர்த்துபவை உறையில்லாத மெல்லிய இழைகள். பலருக்கு அவைதான் முதலில் கெடுகின்றன. தொட்டால் தெரிகிறது என்று சொன்னவருக்கே சித்திரை வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றியதும் உள்ளங்கால் கொப்பளித்துப்போவது இதனால்தான்.

இரண்டு கண்ணாடி டெஸ்ட் டியூப், ஒரு தெர்மாமீட்டர், வெந்நீர் ஃபிளாஸ்க், கொஞ்சம் ஐஸ் இருந்தால் போதும். ஒரு டியூபில் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் நீர், மற்றதில் 5 முதல் 10 டிகிரி. 45-ஐத் தாண்டினால் நோயாளி சொல்வது சூட்டையா வலியையா என்று பிரிக்க முடியாது. டியூபின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட வேண்டும். ஈரம் பட்டாலே 'சில்லுன்னு இருக்கு' என்பார்கள்.

முதலில் இரண்டையும் நெற்றியில் வைத்துக் காட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லுங்கள். விரல் நுனியில் தொடங்கி மேல்பாதம், கணுக்கால் என்று ஏறுங்கள். டியூபின் பக்கவாட்டை இரண்டு விநாடி படிய வைத்தால் போதும். சூடும் குளிரும் ஒழுங்கில்லாமல் மாறி மாறி வரட்டும். 'சூடா இருக்கா?' என்று கேட்டால் 'ஆமாங்க' என்றுதான் பதில் வரும். 'என்ன தெரியுது?' என்று கேளுங்கள். காய்த்துத் தடித்துப்போன குதிகாலை விட்டுவிடுங்கள். அங்கே நரம்பு நன்றாக இருந்தாலும் சூடு சரியாகத் தெரியாது. ஏசி அறையில் கால் ஜில்லிட்டிருந்தால் முதலில் சூடேறட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஊற்றிய நீரை மாற்றாமலே வரிசையாகப் பலரைப் பார்ப்பது. டியூபில் உள்ள கொஞ்ச நீர் சில நிமிடங்களில் ஆறிவிடும். பிறகு நல்ல நரம்பு உள்ளவரும் தடுமாறுவார். ஒவ்வொருவருக்கும் புதிதாக ஊற்றி, தெர்மாமீட்டரில் பார்த்தே ஆக வேண்டும்.

தொழுநோய்த் தேமலுக்கும் இதே டியூப்கள்தான். தேமலிலும் அதை ஒட்டிய நல்ல தோலிலும் வைத்து ஒப்பிட வேண்டும். தொடு உணர்ச்சி இருக்கும்போதே சூட்டுணர்ச்சி குறைந்திருக்கலாம்.

முகாம் நடத்துவோர் இந்தச் சோதனையைத் தயவுசெய்து சேர்க்க வேண்டும். சூடு தெரியாதவர்கள் வெந்நீர் ஒத்தடமோ ஹாட் வாட்டர் பேக்கோ காலுக்கு வைக்கவே கூடாது. குளிக்கும் நீரைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். சர்க்கரை நோயில் உணர்ச்சிக் குறைவு பாதத்தில் தொடங்கி மேலேறி, பிறகுதான் கைவிரலுக்கு வரும். முழங்கை கடைசி வரை தாக்குப்பிடிக்கும். வீட்டில் நோயில்லாத ஒருவர் கைவிட்டுப் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

– பாதப் பராமரிப்புப் பிரிவு பிசியோதெரபிஸ்ட், மதுரை