மழைக்கு முன்பே கை பழக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நம் நீலகிரியில் சரிந்த மண்ணை அள்ளும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மழைக்கு முன் பயிற்சி வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

ஐ.நா. அமைதிப் படை என்றதும் நீலத் தொப்பியும் துப்பாக்கியும்தான் பலருக்கும் ஞாபகம் வருகிறது. ஆனால் படை போய் நிற்க முதலில் ரோடு வேண்டும். தெற்கு சூடானின் பென்டியுவில் வெள்ளம் சூழ்ந்தபோது பாகிஸ்தான் பொறியாளர் படைக்காரர்கள் மண்கரை எழுப்பித்தான் வீடிழந்து இடம்பெயர்ந்தவர்களின் முகாமையும் விமான ஓடுதளத்தையும் காப்பாற்றினார்கள். அழைத்த 60 நாளுக்குள் கிளம்பத் தயார் என்று நாடுகள் ஐ.நா.விடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிற ஏற்பாடு இருக்கிறது. வண்டியைக் கப்பலில் ஏற்றிவிடலாம், ஓட்டுகிறவனை 60 நாளில் உருவாக்க முடியுமா? அதனால்தான் 2015-ல் கென்யாவில் தொடங்கி, ஜப்பான் பணமும் பயிற்சியாளர்களும் கொடுக்க, ஆப்பிரிக்க வீரர்களுக்கு புல்டோசரும், ரோட்டைச் சமன் செய்யும் கிரேடரும் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள்.

நம் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் டோசர் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். 2024-ல் வயநாடு சூரல்மலையில் எங்கள் படைப் பிள்ளைகள், இரும்புப் பேனல்களைக் கோத்துப் போடும் 190 அடி பெய்லி பாலத்தை ஒன்றரை நாளுக்குள் போட்டதை டிவியில் பார்த்து அழுதுவிட்டேன். ஒரு பேனல் 10 அடி நீளம், கிட்டத்தட்ட 260 கிலோ, ஆறு பேர் தூக்க வேண்டும். தோள் காய்க்கும்வரை தூக்கிப் பழகியவனுக்குத்தான் கொட்டும் மழையிலும் கால் தடுமாறாது.

சரி, நம் மலைக்கு வருகிறேன். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் சரிந்த மண்ணில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இன்றும் ரோட்டில் மண் விழுந்தால் வாடகை ஹிட்டாச்சிதான் வருகிறது. போன மழையில் எங்கள் ஊர் வளைவில் ஒரு பையன் சரிவின் அடிவாரத்தைத் தோண்டிக்கொண்டே போனான், மேலே நின்ற கற்பூர மரம் மெல்லச் சாய்வதை அவன் பார்க்கவில்லை, நான் கத்தியதும் குதித்தான், அடுத்த நிமிஷம் கேபின் மேல் மண். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மேலே ஒருவனை விசிலோடு நிறுத்து, அப்புறம் மேலிருந்து மண்ணை எடு, அவ்வப்போது எஞ்சினை அணைத்துவிட்டுக் கல் உருளும் சத்தம் கேட்கிறதா என்று பார் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் என்னைப் போன்ற பழைய சாப்பர்கள் இருக்கிறோம். அக்டோபர் மழைக்கு முன் இங்குள்ள ஆபரேட்டர்களுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். சம்பளம் வேண்டாம். இடத்தைச் சொன்னால் காலை எட்டு மணிக்கு வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாப்பர் ஒருவர்,
கோத்தகிரி