பேர் சொல்லாம சொன்னதையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலைவர்கள் மேடைப் பேச்சை உங்க பேப்பர்ல முழுசா போடுறீங்க, சந்தோஷம். ஆனா அவங்க பேர் சொல்லாம ஜாடையா எதை ஞாபகப்படுத்துறாங்கன்னு ஒரு வரி கூட வர்றதில்ல, பல நேரம் பேச்சோட உயிரே அங்கதான் இருக்கு.

1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன்ல கறுப்பின மக்கள் உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் பேசுனத எடுத்துக்கோங்க. ஆரம்பத்துலயே "ஃபைவ் ஸ்கோர் இயர்ஸ் அகோ"ன்னு வரும். ஸ்கோர்னா இருபது, அஞ்சு இருபது நூறு. தமிழ்ல "நூறு ஆண்டுகளுக்கு முன்பு"ன்னு போட்டா கணக்கு சரி, ஆனா விஷயம் போச்சு. ஏன்னா 1863ல அமெரிக்க அதிபரா இருந்த லிங்கன் கெட்டிஸ்பர்க்ங்கிற ஊர்ல பேசுனது "ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன் இயர்ஸ் அகோ"ன்னு ஆரம்பிக்கும். கிங் நின்னு பேசுனதோ லிங்கன் நினைவிடம், முதுகுக்குப் பின்னாடி சிலை, அந்த வரியில பேரைச் சொல்லவே இல்ல, ஒரு பழைய சொல்லை எடுத்து வச்சு உங்க லிங்கன் தொடங்குன அடிமை விடுதலை வேலை இன்னும் முடியலன்னு உணர வச்சுட்டார். லிங்கனும் இதே வேலைய செஞ்சவர்தான், 1858ல "பிரிஞ்சு நிக்கிற வீடு நிலைக்காது"ன்னு அடிமை முறையப் பத்தி பேசுனது பைபிள் வசனம்.

"வள்ளுவர் சொன்னார்"னு குறள் சொன்னா அது மேற்கோள். இது வேற, கேக்குறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். ஸ்கூல்ல அணி இலக்கணம் மனப்பாடம் பண்ணோம், மேடைப் பேச்சுல இதக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித் தரல. ஒரு சாதா வரிக்கு கூட்டம் திடீர்னு கைதட்டுதா, பேச்சு நடையோட ஒட்டாத பழைய சொல் ஒண்ணு வந்து நிக்குதா, அங்க நிறுத்திப் பாக்கணும்.

எனக்குக் கவலையா இருக்கிறது சகுனி, எட்டப்பன் மாதிரி வார்த்தைங்கதான். ஒண்ணு சொன்னா போதும், துரோகின்னு குற்றச்சாட்டு விழுந்துடுது, ஆதாரமே வைக்க வேண்டாம், கேட்டா "நான் யார் பேரையும் சொல்லலையே"ன்னுடலாம். கதை நமக்குத் தெரியும்கிறதால முடிவையும் நாமளே எடுத்துடுறோம், அந்தக் கதை இந்த ஆளுக்குப் பொருந்துதான்னு யோசிக்கிறதே இல்ல.

அதனால பேச்சைப் போடும்போது இந்த இடத்துல இன்ன கதைய இழுக்குறார், அது பொருந்துதா இல்லையான்னு ரெண்டு வரி சேர்த்துப் போடுங்க சார். மொழிபெயர்த்த பேச்சுன்னா கட்டாயம் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்