மில்வாக்கியில் சனிக்கிழமை மாலை

மில்வாக்கி,
ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இந்த அமெரிக்கக் குளிரில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது, வெளியே பனி குவிந்து கிடக்கிறது. சனிக்கிழமை மாலையானால் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வீட்டில் ஐந்தாறு பேர் கூடிவிடுவோம். அவர் இளமையிலிருந்தே விளையாடிவரும் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற கற்பனை விளையாட்டை எங்களுக்கும் கற்றுத்தருகிறார். இங்கிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-இல் வெளிவந்தது இது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்.

பரமபதம் போலப் பலகை கிடையாது. ஒருவர் கதையை நடத்துகிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகவோ மந்திரவாதியாகவோ மாறி, "நான் கதவைத் திறக்கிறேன்" என்று சொல்கிறார்கள். மீதியைப் பகடை தீர்மானிக்கும். ஆனால் தொடக்கத்தில் வந்த மூன்று சிறு நூல்களைப் படித்துவிட்டு ஆட்டத்தை நடத்துவது எளிதல்ல. விதிகள் நிறைய இருந்தன. வீரர்கள் நுழைந்து தேடும் நிலவறைக்கு, அதாவது தரைக்கு அடியில் உள்ள அறைகளுக்கு, ஒரு மாதிரி வரைபடமும் சில குறிப்புகளும்தான் இருந்தன.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஓர் நரம்பியல் மருத்துவர், ஜே. எரிக் ஹோம்ஸ். புதியவர்களுக்காக 1977-இல் அவர் தொகுத்த நூலின் கடைசியில் ஒரு மாதிரி நிலவறை இருக்கிறது. பெரியவர் தன் பழைய பிரதியை என்னிடம் கொடுத்தபோது ஒரே இரவில் படித்து முடித்தேன். போர்டவுன் என்ற துறைமுக ஊருக்கு அருகே ஜெனோபஸ் என்ற மந்திரவாதி கோபுரம் கட்டுகிறான். மேற்கே கடற்பாறைகள், பக்கத்திலேயே இடுகாடு. அடியில் நிலவறைகளைத் தோண்டிக்கொண்டே போகிறான். ஓரிரவு பச்சைத் தீ கோபுரத்தை விழுங்குகிறது. பிறகும் அங்கே பேய்நடமாட்டம் தெரியவே, ஊரார் கவண்பொறியை இழுத்து வந்து கோபுரத்தை இடித்துத் தள்ளுகிறார்கள். நிலவறைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இந்த முன்கதையில்தான் அதன் அருமை இருக்கிறது, அக்கா. கடல் அருகில் இருப்பதால் குகைக்குள் கடற்கொள்ளையர் வருகிறார்கள், நீரில் பெரிய ஆக்டோபஸ் காத்திருக்கிறது. இடுகாடு பக்கத்தில் இருப்பதால் எலிகள் குடைந்த வளைகளும் எலும்புக்கூடுகளும் வருகின்றன. எதுவும் சும்மா வைக்கப்படவில்லை. படிக்கிறவருக்கு, "இப்படி ஒன்றை நானும் எழுதலாமே" என்ற துணிவு தானாக வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது.

ஹோம்ஸின் நூலைப் பகடைகளோடு ஒரு பெட்டியில் வைத்துத்தான் விற்றார்கள். பிற்பாடு அந்தப் பெட்டியில் மைக் கார் என்பவர் எழுதிய வேறொரு மாதிரி நிலவறையைச் சேர்த்தார்கள். அதில் அறைகள் விவரமாக இருக்கும். 14 குளங்கள் உள்ள ஓர் அறைகூட உண்டு. எந்த அறையில் எந்தப் பூதம், எங்கே புதையல் என்ற இடங்களை மட்டும் காலியாக விட்டு, நடத்துபவரே நிரப்பச் சொன்னார்கள். அதுவும் நல்ல பயிற்சிதான். ஆனால் முதன்முதலில் ஆடுபவருக்கு ஜெனோபஸின் நிலவறையே ஏற்றது என்பேன். நிரப்பிக் காட்டிய ஒன்றைப் பார்த்தவருக்குத்தானே காலியிடத்தை நிரப்ப வரும்?

உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்தே இவ்வளவும் எழுதுகிறேன். இந்த ஆட்டத்துக்கு வேண்டிய இருபது முகப் பகடைக்கு அலைய வேண்டாம். 1979 வாக்கில் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது இங்கேயே எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைத்தான் பெட்டியில் வைத்து விற்றார்கள். நீங்களும் ஒன்றிலிருந்து இருபதுவரை துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். நான் எழுதிய சிறு நிலவறையின் வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறே அறைகள்தான்.

முதல் ஆட்டத்தை நானே போனில் நடத்துகிறேன். உங்களுக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்றால் எனக்கு வெள்ளி இரவு ஒன்பதரை. எந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறை என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி