நம்ம ஊர் மரம் வளர்க்கிற விவசாயிகள் சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அண்ணனுக்கும், ஆலங்குடி கீரமங்கலம் பக்கத்துலேருந்து வேலைய போட்டுட்டு வந்திருக்க அண்ணன் தம்பிகளுக்கும், அக்காமார்களுக்கும் சங்கத்து சார்பா நன்றி. வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாரு. நான் நேரா மரம் வித்த விசயத்துக்கு வந்துடுறேன், இந்த வருசம் நாம பேசுன பேச்சுல முக்காவாசி அதுதான்.

நம்மாளுக இருவது வருசம் தேக்க வளக்குறோம், விக்கிறதுக்கு அர மணி நேரம் கூட எடுத்துக்கிறதில்ல. வியாபாரி தோப்ப ஒரு சுத்து சுத்தி வர்றாரு, மொத்தமா ஒரு தொகை சொல்றாரு, மக கல்யாணமோ பையன் காலேஜ் ஃபீஸோ கழுத்த நெரிக்கும்போது நாமளும் சரின்னு அட்வான்ஸ கைநீட்டி வாங்கிடுறோம். இத நிறுத்தணும்னு தான் பொங்கல் முடிஞ்சு போட்ட கூட்டத்துல தீர்மானம் போட்டோம்: அளக்காம வெல பேசக்கூடாது. கொஞ்சம் பேரு முணுமுணுத்தாங்க, வியாபாரி வரமாட்டான்னாங்க. வந்தாங்க.

அளவு விசயத்த கொஞ்சம் வெளக்கமாவே சொல்றேன், கூட்டத்துக்கு வராதவங்களும் தெரிஞ்சிக்கணும். கட்டைக்கு நடுவுல கயித்த சுத்தி, அத நாலா மடிச்சு, டேப்புல வச்சு எத்தன இஞ்சுன்னு பாக்குறது தான் வழக்கம். சுத்தளவு 40 இஞ்சுன்னா மடிச்சா 10. பத்தையும் பத்தையும் பெருக்கி, நீளம் 10 அடின்னா அதையும் பெருக்கி, 144ஆல வகுத்தா 6.94 கனஅடி. உருண்டையா கணக்கு போட்டா அதே கட்டைல 8.8 கனஅடிக்கு மேல இருக்கு, அதாவது இந்த முறைலயே நூத்துக்கு இருவத்தியொண்ணு அறுப்புக் கழிவுன்னு முன்கூட்டியே போயிடுது. இது ஊரு உலகத்துல உள்ள முறை, அத மாத்த முடியாது. ஆனா அதுக்கு மேல பட்டைக்குன்னு 2 இஞ்சு கழிச்சாங்கன்னா 38, மடிச்சா ஒம்பதர, கணக்கு 6.27க்கு வந்துடும். ஒரு கட்டைல பத்துல ஒரு பங்கு காணாப் போச்சு. 10 அடி 8 இஞ்சு நீளத்த 10ன்னு எழுதுறதும், கயித்த நடுவுல கட்டாம நுனிப் பக்கம் நகத்தி கட்டுறதும் தனி. அதனால பட்டைய நாமளே உரிச்சு போட்டுட்டு அளக்கச் சொல்லுங்க, கழிவுங்கிற பேச்சுக்கே எடம் இருக்காது. வைரம், அதாவது மரத்துக்கு நடுவுல இருக்க கெட்டியான பாகம், எவ்வளவு ஏறியிருக்குன்னு அடிக்கட்டைய வெட்டுன முகத்துலயே தெரியும், அத வச்சு வெலைய கூட்டி கொறச்சு பேசலாம், அளவுல கை வைக்க விடாதீங்க.

அடுத்தது பேப்பர். பட்டா நெலத்துல நாம வச்ச மரமா இருந்தாலும் தேக்க லாரில ஏத்தணும்னா வனத்துறை பர்மிட் வேணும், 1968லேருந்து இருக்க விதி இது. சிட்டா, அடங்கல் (நெலத்துல என்ன இருக்குன்னு எழுதுற கிராமக் கணக்கு), விஏஓ சான்று எல்லாம் கேப்பாங்க. அடங்கல்ல மரம் ஏறலன்னா அங்கயே அலைச்சல் ஆரம்பிச்சிரும். இந்த வருசம் நம்ம உறுப்பினர் ஒருத்தரு மரத்த வெட்டிப் போட்டுட்டு பேப்பருக்கு அலைஞ்சாரு, கட்டை வெயில்ல கெடந்து வெடிப்பு விட்டுச்சு, வியாபாரி பேசுன வெலைலேருந்து எறங்கிட்டாரு, அவரு மொகத்த பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. பர்மிட் கைக்கு வந்தப்புறம் தான் கோடாலி, இத எல்லாரும் மனசுல வச்சுக்கணும்.

சந்தனம் வச்சிருக்கவங்க அடிக்கடி கேக்குறீங்க. 2002ல சட்டத்த திருத்துனதுக்கப்புறம் பட்டா நெலத்து சந்தனமரம் நெலத்துக்காரருக்கு தான் சொந்தம், ஆனா நாமளா வெட்டி நாமளா விக்க முடியாது. வனத்துறைக்கு எழுதிக் குடுத்து அவங்க வழியா தான் ஏலத்துக்கு போகும். ராத்திரில வந்து பேரம் பேசுறவங்கள வாசல்லயே திருப்பி அனுப்பிடுங்க, கேஸு நம்ம தலைல தான் விழும்.

சவுக்கு, தைலம் (யூகலிப்டஸ் மரம்) ரெண்டும் டன் கணக்கு, காகித ஆலைக்கு தான் போகுது. மணப்பாறை மொண்டிப்பட்டில டிஎன்பிஎல்லோட (தமிழ்நாடு அரசு காகித நிறுவனம்) ரெண்டாவது ஆலை இருக்கதால, மொத ஆலை இருக்க கரூர் வரைக்கும் தூக்கிட்டு போற வாடகை நமக்கு மிச்சம். வெட்டுன அன்னைக்கே எடை போட்டுருங்க, ரெண்டு நாளு காய விட்டா எடை எறங்கிரும், எடைமேடை சீட்ட லாரி டிரைவர்கிட்ட குடுத்துட்டு வராம ஒரு போட்டோவாச்சும் எடுத்துக்கங்க. தைலம் வைக்கலாமா வேணாமான்னு சங்கத்துல ரெண்டு கட்சியா நிக்கிறோம். என் அபிப்பிராயம், போர்ல தண்ணி எறங்கிட்டே போற நம்ம மண்ணுக்கு இனி புதுசா தைலம் வேணாம். மாத்து கருத்து உள்ளவங்க இன்னைக்கே பேசலாம்.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப நெலமைய எல்லாரும் பாத்தோம். ஒரே ராத்திரில எல்லா ஊர்லயும் மரம் சாஞ்சு கெடந்துச்சு, வந்த வெலைக்கு தள்ளுனோம், சில எடத்துல அப்புறப்படுத்துனா போதும்னு சும்மாவே குடுத்தோம். அதுலேருந்து நான் சொல்றது இதுதான், எல்லா மரத்தையும் ஒரே வயசுல ஒரே ரகமா வைக்காதீங்க. தேக்கு, மகோகனி, வேங்கை, குமிழ், மலைவேம்புன்னு கலந்து வைங்க, வருசா வருசம் கொஞ்சம் விக்கிற மாதிரி இருக்கணும். மலைவேம்பு வச்சவங்க பக்கக் கெளைய சின்னதுலயே கழிச்சு விடுங்க, முடிச்சு விழுந்த கட்டைய பிளைவுட்காரங்க தொடமாட்டாங்க. கன்னு வேணும்னா உழவன் ஆப்ல பதிவு பண்ணுனா வேளாண் துறை பசுமைப் போர்வை திட்டத்துல இலவசமா கெடைக்கும், பொழச்சு நிக்கிற கன்னுக்கு பின்னாடி ஊக்கத்தொகையும் உண்டு.

அடுத்த தைக்கு மேல தேக்கு விக்க நெனைக்கிறவங்க பேரு, சர்வே நம்பர், மரம் எத்தன, நெஞ்சு ஒசரத்துல சுத்தளவு எவ்வளவுன்னு கார்த்திகை முடியறதுக்குள்ள எங்கிட்ட எழுதிக் குடுங்க. பத்து வீட்டு மரம் ஒண்ணா சேந்தா நாலஞ்சு வியாபாரிய ஒரே நாள்ல கூப்புட்டு மூடுன கவர்ல வெல கேக்கலாம்னு கமிட்டில முடிவு பண்ணியிருக்கோம். அளக்கிற டேப்பும் கயிறும் சங்கத்து பீரோல இருக்கு, சாவி பொருளாளர்கிட்ட.

இப்படிக்கு,
செயலாளர்