பழைய கார் வாங்கறப்ப ஹீட்டரையும் ஒருக்கா போட்டுப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க. போன ஞாயித்துக்கிழமை பழைய கார் வாங்கறத பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. டயர், பெயிண்ட், ஆர்சி புக், இன்சூரன்ஸ் எல்லாம் இருந்துச்சு, ஏசி கூட இருந்துச்சு, ஹீட்டர பத்தி மட்டும் ஒரு வரி இல்ல. ஈரோட்டு வெயில்ல எவனுக்கு ஹீட்டருன்னு விட்டிருப்பீங்க, நானும் அப்படித்தான் விட்டேன், அதுல எனக்கு 21,000 ரூபாய் போச்சு.

டிசம்பர்ல குடும்பத்தோட ஊட்டி கிளம்புனோம். 10 வருஷம் ஓடுன பெட்ரோல் வண்டி, நான் வாங்கி 4 மாசம். இந்த 4 மாசமும் டெம்பரேச்சர் முள்ளு கால்வாசிக்கு மேல ஏறுனதே இல்ல, மைலேஜ் கொஞ்சம் கம்மியா குடுத்துச்சு, ஆனா எஞ்சின் எவ்ளோ கூலா ஓடுது பாருன்னு மச்சான்கிட்ட பெருமை வேற பேசிருக்கேன். பர்லியார் தாண்டி ஏத்தத்துல, முன்னாடி ஒரு பஸ் ஊர்ந்துட்டு போகுது, செகண்ட் கியர், ஏசி ஓடுது, உள்ள 5 பேரு, முள்ளு மடமடன்னு மேல போக ஆரம்பிச்சிருச்சு. இந்த மாதிரி நேரத்துல ஏசிய அமத்திட்டு ஹீட்டர ஃபுல்லா வைக்கணும், எஞ்சின் சுடுதண்ணி தான் டேஷ்போர்டுக்குள்ள சுத்திட்டு வருது, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர் தான்னு எப்பவோ கேட்டது ஞாபகம் வந்து வெச்சேன். ஜில்லுன்னு காத்து வருதுங்க! முள்ளு சிவப்புல நிக்குது, ஹீட்டர்ல மலைக்காத்து. ஓரங்கட்டி எஞ்சின ஆஃப் பண்ணிட்டேன்.

மேட்டுப்பாளையத்துல இருந்து வந்த மெக்கானிக் ஒரு மணி நேரம் ரேடியேட்டர் மூடில கை வைக்கவே இல்ல, சூட்டோட தொறந்தா மூஞ்சி வெந்துரும் சார்னாரு. ஆறுன பொறவு தொறந்தா கூலன்ட்டே இல்ல, டீ டிகாஷன் கலர்ல போர் தண்ணி. மூடியோட ரப்பர் வெடிச்சு கெடக்கு. குக்கர் விசில் மாதிரி அந்த மூடி பிரஷர புடிச்சு வெச்சாத்தான் தண்ணி சீக்கிரம் கொதிக்காது, மேல ஏற ஏற இது இன்னும் முக்கியம், 2,240 மீட்டர் ஒசரத்துல இருக்கற ஊட்டில திறந்த பாத்திரத்துல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிரும், எஞ்சினோ 90 டிகிரிய ஒட்டி ஓடற சாமான்.

அப்பறம் வண்டிய கட்டி இழுத்துட்டு போயி கழட்டுனாரு. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம அடைச்சு வெக்கற வால்வு) இருக்க வேண்டிய எடம் காலி, அதான் முள்ளு ஏறாம இருந்திருக்கு. ஃபேன் வயர டைரக்ட் பண்ணி வெச்சிருக்கான், சாவி போட்டதும் ஓடும். ஹீட்டருக்கு போற ரெண்டு ஹோசையும் ஒரு வளைஞ்ச பைப்ப வெச்சு சேத்து கிளாம்ப் அடிச்சிருக்கான், ஹீட்டர் கோர், அதான் டேஷ்போர்டுக்குள்ள இருக்கற அந்த குட்டி ரேடியேட்டர், லீக் ஆனத மறைக்க. ரேடியேட்டர் உள்ளுக்குள்ள உப்பு புடிச்சு பாதி அடைப்பு. பெருந்துறை ரோட்டுல இது ஒண்ணுமே தெரியாது சார், மலை ஏறுனா தான் தெரியும்னு சிரிக்கறாரு, எனக்கு சிரிப்பு வரல.

அவர் சொல்லி நான் கத்துக்கிட்டது இது தான். வண்டி பாக்க காலைல போங்க, நான் வர வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு முன்னாடியே சொல்லிருங்க, போனதும் பானட்ட தொட்டு பாருங்க, சூடா இருந்தா ஏதோ இருக்கு. ஆறுன எஞ்சின்ல ரேடியேட்டர் மூடிய தொறந்து தண்ணி கலர பாருங்க, ஆயில் மூடிக்கு அடியில மோர் மாதிரி திட்டுத்திட்டா வெள்ளையா இருந்தா ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்குள்ள ஆயிலும் தண்ணியும் கலக்காம தடுக்கற தகடு) போயிருச்சோன்னு சந்தேகம் வரணும். ஏசி போடாம ஸ்டார்ட் பண்ணிட்டு ரேடியேட்டர் மேல் ஹோஸ்ல கை வெச்சிட்டு இருங்க, தெர்மோஸ்டாட் நல்லா இருந்தா மொதல்ல ஜில்லுன்னே இருக்கும், 80 டிகிரி தாண்டி அது தொறந்ததும் டக்குன்னு சுடும், ஆரம்பத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா சூடேறுனா உள்ள அது இல்ல, இல்லாட்டி தொறந்தே மாட்டியிருக்கு. ஃபேன் தானா போட்டு தானா நிக்கணும். முள்ளு நடுவுக்கு வந்ததும் ஹீட்டர ஃபுல்லா வைங்க, வேர்த்தாலும் பரவால்ல, 5 நிமிஷம் உக்காருங்க. வெதுவெதுன்னு தான் வருதுன்னா தண்ணி கம்மியா இருக்கலாம், ஏர் லாக்கா (பைப்புக்குள்ள காத்து மாட்டி தண்ணி ஓடாம நிக்கறது) இருக்கலாம், கோர் அடைப்பா இருக்கலாம் (ரெண்டு ஹீட்டர் ஹோஸ்ல ஒண்ணு சுட்டு ஒண்ணு ஆறிக் கெடந்தா அடைப்புன்னே வெச்சுக்கலாம்). கண்ணாடில ஆவி புடிச்சு ஒரு மாதிரி இனிப்பு வாடை வந்தா, கால் மேட்ட தூக்கிப் பாருங்க, கீழ ஈரம் இருக்கும்.

வித்தவர்கிட்ட போன் பண்ணி கேட்டேன், நம்மூருக்கு ஹீட்டர் எதுக்குங்கண்ணான்னு அவரே என்னைய கேக்கறாரு. வாங்கறப்ப அவர் குடுத்த செக்லிஸ்ட் இன்னும் என்கிட்ட இருக்கு, ஏசி கூலிங்குக்கு நேரா பச்சை டிக், ஹீட்டர்னு ஒரு கட்டமே கெடையாது. அடுத்த தடவ இந்த மாதிரி பக்கம் போடறப்ப நீங்களாவது அந்த ஒரு வரிய சேத்துப் போடுங்க.

ஒரு வாசகர்,
ஈரோடு